பியானோவின் பாரம் கார்ப்பெட்டிலும் தரையிலும் குழி பறிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி இது: வீட்டுக்குப் பியானோ வரப்போகிறது. வைக்கவிருக்கும் அறையில் கார்ப்பெட் விரித்திருக்கிறது, அல்லது மரத்தரையோ டைல்ஸோ இருக்கிறது. கால்கள் பதிந்து குழி விழாமல் இருக்க அடியில் என்ன வைப்பது? பியானோ காலின் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கடையில் விற்கும் சக்கரக் கிண்ணங்கள் போதுமா? தரை இவ்வளவு கனத்தைத் தாங்குமா?

முதலில் சுருக்கமான பதில். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு அடுக்கு வேண்டும். மேலே வளையாத, கெட்டியான, அகலமான ஒன்று. அது பாரத்தைப் பரப்பும். கீழே அந்தத் தரையோடு ஒத்துப்போகும் மெல்லிய ஒன்று. அது கீறலையும் கறையையும் தடுக்கும். பெரும்பாலானவர்கள் கீழடுக்கை மட்டும் போட்டுவிட்டு, அதாவது ஒரு ஃபெல்ட் (நாரை அழுத்திச் செய்த கெட்டித் துணி) துண்டையோ ரப்பர் வில்லையையோ சொருகிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் ஃபெல்ட்டோடு சேர்ந்து தரையும் அமுங்கியிருக்கும்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும். வீடுகளில் அதிகம் காணப்படும், 120 செ.மீ. உயரமுள்ள அப்ரைட் பியானோ (சுவரோரம் நெட்டாக நிற்கும் வகை) 220 முதல் 240 கிலோ இருக்கும். 130 செ.மீ. உயரமான பழைய அப்ரைட்கள் 300 கிலோவை எட்டும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சின்ன கிராண்ட் (மூன்று காலில் கிடையாக நிற்கும் வகை) 260 கிலோ அளவில் தொடங்குகிறது, 186 செ.மீ. கிராண்ட் 320 கிலோ. மேடைக் கச்சேரிகளில் நிற்கும் 274 செ.மீ. கிராண்ட் 480 கிலோ. கனத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தில் இருக்கிறது. அப்ரைட்டில் அந்தச் சட்டம் முதுகுப் பக்கம் நிற்பதால், பாதிக்கு மேற்பட்ட பாரம் பின்னிரண்டு சக்கரங்களில் இறங்கும். முன்சக்கரம் பதியவில்லை என்று பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பின்னால் சுவரோரம் என்ன நடக்கிறது என்பதை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பின்சக்கரத்துக்கு 70 கிலோ என்று வையுங்கள். இரண்டு செ.மீ. அகலமுள்ள உலோகச் சக்கரம் கெட்டித் தரையைத் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடுதான்; முக்கால் சதுர செ.மீ. கூடத் தேறாது. ஆக ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 100 கிலோ. அதே 70 கிலோ எடையுள்ள ஆள் இரண்டு பாதங்களையும் ஊன்றி நின்றால் ஒரு சதுர செ.மீ.க்குக் கால் கிலோ அளவுதான் அழுத்தும். மொத்த எடையில் பியானோ மூன்று நான்கு ஆளுக்குச் சமம். அழுத்தத்தில் நானூறு மடங்கு. அறை தாங்குகிறது, அந்தப் புள்ளி தாங்குவதில்லை.

மரத்தின் உறுதியை அளக்க ஜங்கா என்றொரு சோதனை இருக்கிறது. 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகு குண்டு பாதி ஆழம் வரை மரத்தில் இறங்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். வெள்ளைப் பைனுக்குச் சுமார் 170 கிலோ எடைக்கு இணையான விசை போதும். வெள்ளை ஓக்குக்கு 600 கிலோவைத் தாண்டும். ஆனால் இது சில நிமிடங்களில் முடியும் சோதனை. பியானோ வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். நீண்ட நாள் அழுத்தத்தில் மரநார்கள் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும் என்பதால், 'ஓக் தரைதானே' என்ற தைரியம் வேண்டாம்.

சக்கரக் கிண்ணம் வாங்கும்போது

காஸ்டர் கப் என்று விற்கப்படும் இந்தக் கிண்ணங்கள் மரம், பிளாஸ்டிக், அக்ரிலிக், ரப்பர் எனப் பல வகையில் கிடைக்கின்றன. பளபளப்பைப் பார்த்து எடுப்பதற்கு முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, சக்கரத்தின் வெளிப்பக்க அகலம். இரட்டைச் சக்கரமானால் இரண்டும் சேர்த்து. மற்றது, சக்கரத்தின் விட்டம். கிண்ணத்தின் உட்குழி அந்த அகலத்தைவிட 3 முதல் 6 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், சக்கரத்தின் அடி குழியின் தரையில் முழுதாக உட்கார வேண்டும். குழி சின்னதாக இருந்தால் சக்கரம் விளிம்பின்மேல் ஏறி நிற்கும். அப்போது மொத்தப் பாரமும் இரண்டு விளிம்புப் புள்ளிகளில் விழுந்து, பிளாஸ்டிக் கிண்ணம் ஒரு நாள் 'டப்' என்று பிளந்துபோகும். கிராண்டின் பித்தளைச் சக்கரங்கள் அப்ரைட்டினுடையதைவிட மிகப் பெரியவை. இரண்டுக்கும் ஒரே கிண்ணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது தடிமன். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கெட்டியான பலகையின் வழியே பாரம் கீழிறங்கும்போது தோராயமாக 45 பாகைச் சாய்வில் விரியும் என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. 18 மி.மீ. பலகையானால் ஒவ்வொரு பக்கமும் 18 மி.மீ. மட்டுமே நிச்சயமாக விரியும். ஆகவே 30 செ.மீ. சதுரத்தில் 3 மி.மீ. ஹார்டுபோர்டு வெட்டிப் போட்டால் அது பார்வைக்குப் பெரியதாக இருக்குமே தவிர, சக்கரத்தின் அடியில் வளைந்துகொடுத்து, பழைய இடத்திலேயே பாரத்தை இறக்கும். அகலத்துக்கேற்ற தடிமன் இல்லாத பலகை ஏமாற்று. 10 செ.மீ. கிண்ணத்துக்கு 15 மி.மீ. அடிக்கனம், 15 செ.மீ. கிண்ணத்துக்கு 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

பொருளைப் பொறுத்தவரை கெட்டி மரமும் தரமான ப்ளைவுட்டும் சிறந்தவை. கடின பிளாஸ்டிக் அப்ரைட்டுக்குப் போதும். அக்ரிலிக் பார்க்க அழகு. ஆனால் அடியில் சின்னக் கல் துணுக்கு இருந்தாலும் விரிசல் விடும். முழு ரப்பர் கிண்ணம் கீழ்வீட்டுக்கு அதிர்வு போவதைக் குறைக்கும், நழுவாது. ஆனால் ரப்பர் எல்லாத் தரைக்கும் ஆகாது, அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். 18 மி.மீ. ப்ளைவுட்டில் 15 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். மேலே வைக்க, 9 மி.மீ. ப்ளைவுட்டில் அதே அளவுச் சதுரம் ஒன்று வெட்டி, அதன் நடுவே சக்கரத்தைவிட 5 மி.மீ. பெரிய ஓட்டை போட்டு, இரண்டையும் மரப்பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் வையுங்கள். விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, அடியில் 3 முதல் 5 மி.மீ. கம்பளி ஃபெல்ட்டை அதே மரப்பசையால் ஒட்டுங்கள். தானே ஒட்டும் பசையோடு வரும் ஃபெல்ட் இங்கே சரிப்படாது. தொடர்ந்த பாரத்தில் அந்தப் பசை பக்கவாட்டில் பிதுங்கி வந்து தரையின் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சுரண்டுவது தனி வேலை.

கார்ப்பெட் மேல் வைக்கும்போது

கார்ப்பெட்டில் நடப்பது இரண்டு சேதம். மேலே உள்ள மயிர்க்கற்றை நசுங்குகிறது. அதற்கும் கீழே உள்ள அடிமெத்தை தட்டையாகி, சில வகைகளில் நிரந்தரமாகவே உயிரை விடுகிறது. கம்பளியும் நைலானும் நசுங்கினாலும் பெரும்பாலும் எழுந்து நிற்கும். பாலியெஸ்டரும் பாலிப்ரொபைலினும் அவ்வளவு எளிதில் மீளாது. கிண்ணம் போட்டால் ஆழமான ஒரு புள்ளிக் குழிக்குப் பதிலாக ஆழமில்லாத ஒரு வட்டத் தடம் விழும். தடமே விழாமல் செய்ய எந்தக் கிண்ணத்தாலும் முடியாது.

கார்ப்பெட்டின் மேல் அப்ரைட் வைப்பவர்களுக்கு நான் கிண்ணத்தைவிட முழுப் பலகையைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம் குழி மட்டுமல்ல. பின்சக்கரங்கள் அதிகம் இறங்கி முன்சக்கரங்கள் குறைவாக இறங்கினால் பியானோ முதுகுப் பக்கம் சாயும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெட்டி முறுகும். அப்ரைட்டின் கனம் உயரத்தில், அதுவும் பின்பக்கமாக இருக்கிறது. குழந்தைகள் புழங்கும் அறையில் அது மெத்தைமேல் தள்ளாடி நிற்பது ஆபத்து. 18 முதல் 25 மி.மீ. ப்ளைவுட்டை பியானோவின் நீளத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக வெட்டி, கார்ப்பெட்டின்மேல் போட்டு, அதன்மேல் பியானோவை நிறுத்தினால் நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் நிற்கும். பலகையின் மேற்பரப்பில் சின்னக் கிண்ணங்களோ, நான்கு புறமும் ஆணியடித்த மெல்லிய சட்டங்களோ இருந்தால் சக்கரம் உருளாது. பலகையின் விளிம்பைப் பியானோவின் நிறத்திலேயே தீட்டிவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

பலகையை முன்பக்கம் எவ்வளவு நீட்டுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெடல்கள் பியானோவோடு சேர்ந்தே உயரும்; வாசிப்பவரின் குதிகால் மட்டும் கீழே கார்ப்பெட்டில் தங்கிவிடும். 2 செ.மீ. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், ஒரு மணி நேரம் வாசித்தால் கணுக்கால் சொல்லும். அதனால் பலகையைப் பெடலுக்கு முன்னால் 25 முதல் 30 செ.மீ. வரை நீட்டுங்கள், குதிகாலும் அதே பலகையில் ஊன்றும். கிராண்டுக்குத் தடித்த கிண்ணம் போடும்போதும் இதே பிரச்சினை வரும். அங்கே குதிகாலுக்கென்று அதே தடிமனில் ஒரு சின்னப் பலகை போட்டுக்கொள்வது வழக்கம். ஸ்டூலின் உயரத்தையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டும்.

சுவரோரம் முழுதாக ஒட்டிய கார்ப்பெட்டானால் இன்னொன்றையும் பாருங்கள். கார்ப்பெட்டை இழுத்துப் பிடிக்க, சுவரை ஒட்டித் தரையில் ஆணிமுனைகள் துருத்திய ஒரு மரப்பட்டையை அடித்திருப்பார்கள். பின்சக்கரம் அந்தப் பட்டையின்மேல் ஏறி நின்றால் பியானோ முன்னால் சாயும், பட்டையும் பிளக்கும். சுவரிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காற்றோட்டத்துக்கும் அது நல்லது.

கிராண்டுக்கு மூன்றே கால். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பதால் அங்கே முழுப் பலகை தேவையில்லை, 14 செ.மீ. அளவுள்ள மூன்று கிண்ணங்கள் போதும். கார்ப்பெட்டின் அடியிலேயே பலகையை ஒளித்துவைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அடிமெத்தை தப்பும், மேலே மயிர் நசுங்குவது நசுங்கத்தான் செய்யும். அதோடு பலகையின் விளிம்பு நாளடைவில் கார்ப்பெட்டின் முதுகில் கோடு போட்டுவிடும். வேண்டாம்.

மரத்தரை

கெட்டி மரப் பலகைகள் ஆணியடித்தோ பசையிட்டோ பதித்த தரைக்கு, ஃபெல்ட் ஒட்டிய மரக் கிண்ணமே நல்லது. ரப்பர் அடிப்பகுதியைத் தவிருங்கள். ரப்பரில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் மெதுவாக வார்னிஷுக்குள் கசிந்து, மஞ்சளோ பழுப்போ ஆன வட்டக் கறையை உண்டாக்கும். அது மேலே படிந்த அழுக்கு அல்ல, பூச்சுக்குள்ளேயே நடந்த மாற்றம்; எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது, பூச்சையே சுரண்டியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டியிருக்கும்.

ஃபெல்ட்டுக்கும் ஒரு குறை உண்டு: வழுக்கும். ஆவேசமாக வாசிப்பவர் கையில் அப்ரைட் மாதக்கணக்கில் அங்குலம் அங்குலமாகச் சுவரை நோக்கி நகரும். அப்படி நகர்ந்தால், பியானோவுக்குப் பின்னால் சுவரடிச் சட்டத்தையொட்டி ஒரு மரத் தடுப்பு வைத்துவிடுங்கள். வழுக்கலுக்குப் பயந்து ரப்பருக்குத் தாவ வேண்டியதில்லை. சக்கரங்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நின்றால் பியானோ எளிதில் உருளும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு திசையில் திருப்பிவைத்தால் அதுவே பாதி பிரேக்.

புதிதாக மெருகேற்றிய தரையானால் அவசரப்படாதீர்கள். தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளே இறுகியிருப்பதும் வேறு வேறு. பாலியூரித்தேன் பூச்சு முழுதாக இறுக, வகையைப் பொறுத்து, ஒரு மாதம் வரை ஆகலாம். அதற்குள் பியானோவை நிறுத்தினால் ஃபெல்ட்டின் நார்த்தடம் உட்பட பூச்சில் அச்சாகிவிடும்.

ஓக் போல டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரத்தில் இன்னொரு விபத்து நடக்கும். தரை துடைத்த ஈரம் கிண்ணத்தின் அடியில் தேங்கி, பழைய இரும்புச் சக்கரத்தின் துரு அதோடு சேர்ந்தால், இரும்பும் டானினும் வினைபுரிந்து மை கொட்டியதுபோல் நீலக்கறுப்புக் கறை உண்டாகும். இங்கே குற்றவாளி எடை அல்ல, ஈரத் துடைப்பம். பியானோவின் கால்களைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

மிதக்கும் தரையும் வினைலும்

லேமினேட், பூட்டிச் சேர்க்கும் வினைல் பலகை, சில என்ஜினீயர்டு மரத்தரைகள் எல்லாம் கீழே ஒட்டப்படாமல், மெல்லிய நுரைப்படலத்தின்மேல் மிதப்பவை. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மொத்தத் தரையும் ஒரே விரிப்பாக விரியும், சுருங்கும். அதற்காகத்தான் சுவரோரம் 8 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டு, மேலே பட்டை அடித்து மறைக்கிறார்கள். பியானோ ஒரு முனையைக் குத்தி நிறுத்தினால், தரை எதிர்த்திசையில் விரிந்துகொள்ளும்; அது சமாளித்துவிடும். ஆனால் ஒரு சுவரில் பியானோ, எதிர்ச் சுவரில் புத்தகம் நிறைந்த கனமான அலமாரி என்று இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்தால், நடுவில் பலகைகள் கூரைபோல் எழும்பும், அல்லது சுருங்கும் பருவத்தில் பூட்டு விட்டு இடைவெளி தெரியும். இந்த இரண்டு கனங்களையும் அறையின் ஒரே பக்கத்தில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கீழே உள்ள நுரையும் கவலைக்குரியது. சக்கரம் இரண்டு பலகைகள் கூடும் இடத்தில் நின்றால், நுரை அமுங்கி, பூட்டுப்பள்ளத்தின் மெல்லிய உதடு முறியும். அதனால் மிதக்கும் தரையில் தனிக் கிண்ணங்களைவிட, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து 25 முதல் 30 செ.மீ. அகலமுள்ள ஒரு நீளப் பலகையும், முன்சக்கரங்களுக்கு இன்னொன்றும் போடுவது பாதுகாப்பு. பலகைகளைத் தரைப் பலகையின் நீளத்துக்குக் குறுக்காக விழும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வினைலுக்குப் பாரம் தனி எதிரி. அது மெல்ல வழியும் பொருள். தொடர் அழுத்தத்தில் பக்கவாட்டில் விலகி நிரந்தரக் குழியாகிவிடும். மரத்தைவிட அகலமான தாங்கு வேண்டும். ரப்பர் இங்கே முழுத் தடை. வினைலும் ரப்பரும் சேர்ந்தால் கறை ஏறக்குறைய உறுதி.

டைல்ஸ், மார்பிள், கிரானைட்

கல்லும் டைலும் அமுங்காது, வெடிக்கும். டைல் நல்லபடியாகப் பதிந்திருந்தால் பியானோவின் பாரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அடியில் கலவை நிரம்பாமல் காற்றுப்பை இருந்தால்தான் ஆபத்து. வைக்கப்போகும் இடத்தை ஒரு நாணயத்தாலோ ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியாலோ தட்டிக்கொண்டே போங்கள். திடமான இடத்தில் 'டிக்' என்று சுருக்கமாகக் கேட்கும். பொள்ளலான இடத்தில் 'டொக்' என்று குடம் தட்டினாற்போல் கேட்கும். கால் விழும் இடம் 'டொக்' என்றால் பியானோவை ஒரு டைல் தள்ளி வையுங்கள். முடியாதென்றால் நீளப் பலகை போட்டு, திடமான டைல்கள்மேல் பாரத்தைத் தாண்டவிடுங்கள். இணைப்புக் கோட்டில் சக்கரம் இறங்கி நிற்பதைத் தவிர்க்கக் கிண்ணமே போதும். மெருகேற்றிய கல் வழுக்கும் என்பதால், ஃபெல்ட்டுக்குப் பதில் தக்கை ஒட்டிய கிண்ணம் பிடிமானம் தரும்.

தரையின் அடியில் வெப்பக் குழாய்கள் ஓடும் வீடுகளில் சேதம் மேல்நோக்கி வரும். சூடு பியானோவின் ஒலிப்பலகையை உலர்த்தி வெடிக்கவைக்கும். அந்தப் பகுதிக் குழாயை மூட முடிந்தால் மூடுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

கட்டடம் தாங்குமா?

கான்கிரீட் தளமானால் இந்தக் கேள்வியை வீட்டுப் பியானோவுக்குக் கேட்கவே வேண்டாம். மர உத்தரங்கள்மேல் பலகை அடித்த மாடித் தரையானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடியிருப்பு அறைகளின் தளத்தைப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுப் பாரத்துக்கு வடிவமைப்பார்கள். அப்ரைட் தான் நிற்கும் இடத்தில் 250, 300 கிலோ வரை இறக்கும். ஆனால் அந்த 200 என்பது அறை முழுதும் ஒரே சமயம் நிரம்பியிருந்தால் என்ற கணக்கு. பியானோவைச் சுற்றி வெற்றிடம் இருப்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடும். கவனிக்க வேண்டியது உத்தரங்கள் போகும் திசை. பியானோவின் நீளம் உத்தரங்களுக்குக் குறுக்கே விழுந்தால் மூன்று நான்கு உத்தரங்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். இணையாக விழுந்தால் ஒன்றிரண்டு மட்டும் சுமக்கும். அறையின் நடுவைவிட, பாரம் தாங்கும் சுவரையொட்டிய இடம் எப்போதும் பலமானது. நடந்தால் அலமாரியில் பாத்திரம் கிணுகிணுக்கும் அளவுக்குத் தரை ஆடினாலோ, 400 கிலோவுக்கு மேற்பட்ட கிராண்ட் வருகிறது என்றாலோ, கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

கிண்ணத்தை அடியில் வைக்கும் விதம்

தரை கெடுவது நிற்கும்போது மட்டுமல்ல; வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலான கீறல்கள் விழுகின்றன. முடிந்தால் பியானோ வந்திறங்கும் நாளிலேயே, தூக்கிவருபவர்கள் கையிலேயே கிண்ணங்களைக் கொடுத்துவிடுங்கள். பிறகு வைப்பதானால் அப்ரைட்டுக்குக் குறைந்தது மூன்று பேர். மூடிகளை மூடி, மேலே இருப்பதையெல்லாம் இறக்குங்கள். இருவர் ஒரு பக்க முனையை, முதுகுச் சட்டத்தின் கைப்பிடியிலும் விசைப்பலகையின் அடிமரத்திலும் பிடித்து, 3 செ.மீ. மட்டும் தூக்க வேண்டும். அதற்குமேல் வேண்டாம். மூன்றாமவர் கிண்ணத்தைக் கையால் அல்ல, ஒரு குச்சியால் தள்ளி இடத்தில் சேர்க்க வேண்டும். விரல் ஒருபோதும் அடியில் போகக் கூடாது. முன்பக்கம் தனியாக நிற்கும் மெல்லிய கால்கள் உள்ள அப்ரைட்டை அந்தக் காலைப் பிடித்துத் தூக்கினால் கால் கையோடு வந்துவிடும்.

நெம்புகோல் வைப்பதானால் ஒன்றரை மீட்டர் நீளக் கெட்டிச் சட்டமும், அதற்கடியில் ஒரு மரக்கட்டையும் போதும். நெம்புகோலின் நுனி முதுகுச் சட்டத்தின் அடிக்கட்டையில் படவேண்டும். நடுவில் தெரியும் மெல்லிய அடிப்பலகையில் முட்டினால் பலகை உடையும், அதன்மேல் இருக்கும் பெடல் நெம்பிகளும் கோணிப்போகும். முட்டுக்கட்டைக்கு அடியிலும் ஒரு ப்ளைவுட் துண்டு போடுங்கள். இல்லாவிட்டால் பியானோவிலிருந்து காப்பாற்றிய தரையில் நெம்புகோல் குழி பறித்துவிடும்.

கிராண்டில் ஆபத்து காலில் இருக்கிறது. கால்கள் மேலே உலோகத் தகடாலோ திருகாணிகளாலோதான் பிடித்திருக்கின்றன. நேர்கீழாக எவ்வளவு கனத்தையும் தாங்கும் அவை, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. சக்கரம் கார்ப்பெட்டில் புதைந்திருக்கும்போது அரை அடி நகர்த்தலாம் என்று தள்ளினால், சக்கரம் நிற்கும், உடல் போகும், கால் முறியும். அதனால் கிராண்டைச் சக்கரத்தில் உருட்டவே வேண்டாம். ஒவ்வொரு காலாக, அந்தக் காலுக்குப் பக்கத்தில் உடல் மரத்தைப் பிடித்து மூன்று நான்கு பேர் நேராக மேலே தூக்க, ஒருவர் கிண்ணத்தைச் சொருகலாம். கார் ஜாக்கியால் தூக்கும் யோசனை அவ்வப்போது வரும். அதன் சின்னத் தலை ஒரே புள்ளியில் அழுத்தும், சற்றுச் சாய்ந்தாலும் வழுக்கும். பியானோ வேலைக்கென்றே உள்ள தூக்கு கருவியோடு வரும் ஆளை அழைப்பது மேல்.

அறைக்குள் அப்ரைட்டை நகர்த்தும் பாதையில், முதலில் மண்துகள் இல்லாமல் கூட்டிவிட்டு, 6 மி.மீ. ப்ளைவுட் அல்லது ஹார்டுபோர்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி விரியுங்கள். ஏற்றிச்செல்லும் சக்கரப் பலகையின் நான்கு சக்கரமும் ஒவ்வொன்றும் 60 கிலோ சுமக்கும். கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரமானால் மென்மரத்தில் தண்டவாளமே போட்டுவிடும். மிருதுவான ரப்பர் சக்கரம் உள்ளதாகப் பாருங்கள். ஓரிரு நிமிடத் தொடுகையில் ரப்பர் கறை படாது.

நான்கு சக்கரமும் இறங்கியபின் ஒரு மூலையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அப்ரைட் ஆடினால் மெல்லிய மரச் சீவலைக் கிண்ணத்துக்கு அடியில் சொருகுங்கள். கிண்ணத்துக்குள், சக்கரத்தின் அடியில் சொருகினால் சக்கரம் சரிந்து வெளியே வரும்.

ஸ்டூலை மறந்துவிடாதீர்கள்

பியானோ அசையாமல் நிற்கிறது. தினமும் முன்னும் பின்னும் இழுபடுவது ஸ்டூல்தான். 70 கிலோ ஆள் உட்கார்ந்தபடியே அதை இழுக்கும்போது நான்கு சின்னக் கால்களும் உளிபோல் வேலை செய்யும். மரத்தரையில் பியானோ வைத்த இரண்டாம் வருடம் பார்த்தால், மோசமான கீறல்கள் பியானோவின் கீழே இருக்காது, ஸ்டூலின் கீழே இருக்கும். ஒவ்வொரு காலிலும் ஃபெல்ட் ஒட்டி, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃபெல்ட்டில் ஒரு மணல் துகள் புதைந்துவிட்டால் அது உப்புத்தாளாக மாறிவிடும். குதிகால் ஊன்றும் இடமும் தேயும். பெடலுக்கு முன்னால் ஒரு சின்னப் பாய் போட்டால் கார்ப்பெட்டும் வார்னிஷும் பிழைக்கும்.

வைத்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்கரங்கள் குழியின் நடுவில் நிற்கின்றனவா, கிண்ணம் பிளந்திருக்கிறதா, ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பளிக் கார்ப்பெட்டும் ஃபெல்ட்டும் இருக்கும் இருட்டு மூலை அந்துப்பூச்சிக்கும் கார்ப்பெட் வண்டுக்கும் பிடித்த இடம். அங்கிருந்து அவை பியானோவுக்குள் ஏறினால் தந்திகளைத் தட்டும் சுத்தியல்களின் ஃபெல்ட்டையும் தின்னும். வாக்குவம் குழாயின் ஒடுங்கிய முனையை மாதம் ஒருமுறையாவது அடியில் விடுங்கள்.

ஏற்கெனவே குழி விழுந்துவிட்டால்

கார்ப்பெட்டில் விழுந்த குழிக்கு, மறைவான இடத்தில் சாயம் போகிறதா என்று ஈரத்துணியால் சோதித்துவிட்டு, குழிக்குள் ஐஸ் கட்டி ஒன்றிரண்டு வைத்து உருகவிடுங்கள். சில மணி நேரம் கழித்து ஈரத்தை ஒற்றியெடுத்து, கரண்டியின் விளிம்பால் மயிரை எதிர்த்திசையில் நெருடி எழுப்புங்கள். கம்பளி இன்னும் எழவில்லை என்றால் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப்பெட்டியைத் துணிக்கு ஓரிரு செ.மீ. மேலே பிடித்து நீராவி மட்டும் காட்டலாம். பாலிப்ரொபைலின் 160 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும், பருத்திக்கு வைக்கும் சூடு அதைத் தாண்டும். அதனால் செயற்கை இழையில் இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினால் குழிக்குப் பதில் பளபளக்கும் தழும்புதான் மிஞ்சும்.

பூச்சில்லாத அல்லது எண்ணெய் மட்டும் பூசிய மரத்தில், நார் அறுபடாமல் அமுங்கியிருந்தால், ஈரத்துணியும் சூடும் நாரை ஊதவைத்துக் குழியைப் பெருமளவு ஏற்றிவிடும். வார்னிஷ் பூசிய தரையில் நீராவி உள்ளே போகாது, பூச்சுதான் வெளுக்கும். அங்கே பூச்சை எடுத்துவிட்டுத்தான் தொடங்க முடியும். லேமினேட்டிலும் வினைலிலும் குழியை ஏற்ற வழியில்லை, அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். தரை போடும்போது மிஞ்சிய நான்கைந்து பலகைகளைத் தூக்கிப்போடாமல் கட்டி வைத்திருந்தால் அப்போது உதவும்; சில வருடம் கழித்து அதே நிறமும் அதே பூட்டும் கடையில் கிடைப்பது அரிது.